ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களால் ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திண்டிவனத்தில் மருந்துக்கடை நடத்தும் என் அக்கா, கடந்த ஜூலை மாதம் ஒரு கேள்வி கேட்டார். "மாசா மாசம் பராமரிப்புன்னு காலையில ஒன்பது மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்ட்ட நிறுத்துறாங்க. அந்த அஞ்சு மணி நேரத்துல ஃபிரிட்ஜுக்குள்ள எவ்வளவு ஏறுதுன்னு எனக்குத் தெரியணும்டா." அவர் கடையின் ஃபிரிட்ஜில் இன்சுலினும் சில தடுப்பூசிகளும் கண் சொட்டு மருந்துகளும் இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். கதவுக்குள் தொங்கும் வெப்பமானி, பார்க்கும் அந்த நொடியின் அளவை மட்டுமே காட்டும். பார்க்காத நேரத்தில் நடந்ததைச் சொல்லாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, தேதியும் நேரமும் சேர்த்துத் தானே எழுதி வைக்கும் ஒரு கருவிதான் அவருக்குத் தேவைப்பட்டது.

இதற்கென்றே ஆயத்தக் கருவிகள் விற்கின்றன. அளவு சரியென்று ஆய்வகம் சோதித்துத் தரும் அளவுத்திருத்தச் சான்றிதழோடு வாங்கினால் விலை சில ஆயிரம் ரூபாயைத் தொடும். நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு கணினிச் சில்லான ஒரு நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு நாமே செய்து பார்க்கலாம் என்று தோன்றியதால், ஒரு சனிக்கிழமை மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களை வாங்கி வந்தேன். அந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் எப்படி உழைக்கின்றன, எவை தொல்லை கொடுத்தன, மீண்டும் வாங்குவேனா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்கியவை இவ்வளவுதான்: நுண்கட்டுப்படுத்தி உள்ள ஆர்டுயினோ நானோ பலகையின் நகல் ஒன்று 280 ரூபாய், எஃகுக் குழாய்க்குள் அடைத்த டிஎஸ்18பி20 வெப்ப உணரிகள் மூன்று, ஒன்று 90 ரூபாய் வீதம் 270, டிஎஸ்3231 கடிகார மாட்யூல் 130, மைக்ரோ எஸ்டி கார்டு மாட்யூல் 60, 8 ஜிபி கார்டு 250, ரெசிஸ்டர், ஒயர், பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,140 ரூபாய். மின்சாரம் இல்லாதபோது கருவியை இயக்குவதற்கான ஏற்பாட்டுக்குத் தனிச் செலவானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நானோ பலகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைக்காரர் தம் மடிக்கணினியில் செருகி விளக்கு மினுக்குவதைக் காட்டிவிட்டு, "வெளிய போனா ரிட்டர்ன் கிடையாது சார்" என்ற வழக்கமான வாசகத்தோடு கொடுத்தார். நகல் பலகைகளில் யுஎஸ்பி தொடர்புக்கு சிஎச்340 என்னும் சில்லு இருக்கும் என்பதால், சில கணினிகளில் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும். நிரல் ஏற மறுத்தால், நிரல் ஏற்றும் மென்பொருளில் பழைய பூட்லோடர் (பலகையில் நிரலை வாங்கி வைக்கும் சிறு நிரல்) என்ற தெரிவை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஐந்து நிமிட வேலை. இந்தப் பணிக்கு அதன் 16 மெகாஹெர்ட்ஸ் வேகம் மிக அதிகம். அதன் 2 கிலோபைட் நினைவகம்தான் மிகக் குறைவு என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

உணரிக்கு வருகிறேன். டிஎச்டி11 என்ற நீல நிற உணரியைத்தான் தொடக்கநிலைப் பாடங்கள் எல்லாம் காட்டும்; ஆனால் அதன் பிழை 2 டிகிரி வரை இருக்கலாம். 2 முதல் 8 வரை என்ற ஆறு டிகிரி இடைவெளியைக் கண்காணிக்க இரண்டு டிகிரி பிழையுள்ள கருவியை வைப்பது, தங்கத்தைக் காய்கறித் தராசில் நிறுப்பதற்குச் சமம். எல்எம்35 என்ற உணரியும் மலிவானதுதான். ஆனால் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் மட்டுமே தரும் அதன் வெளியீட்டை 5 வோல்ட் அடிப்படையில் நானோ படிக்கும்போது ஏறத்தாழ அரை டிகிரிப் படிகளாகத்தான் தெரியும். நீண்ட ஒயரில் இரைச்சலும் சேரும். டிஎஸ்18பி20 தன் உள்ளேயே அளந்து, எண்ணாக மாற்றி அனுப்புகிறது. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அதன் பிழை அரை டிகிரிக்குள் இருக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. மிக நுண்ணிய நிலையில் 0.0625 டிகிரி மாற்றத்தைக் கூடக் காட்டும். ஒவ்வோர் உணரிக்கும் 64 பிட் நீளமுள்ள தனி அடையாள எண் இருப்பதால், ஒரே ஒயரில் பல உணரிகளை இணைத்துவிட்டு எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறியவும் முடிகிறது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான உணரியை இந்த விலையில் நான் பார்க்கவில்லை.

ஆனால் அந்த அரை டிகிரி உறுதி அசல் உணரிக்கு உரியது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றுள் நகல்களும் கலந்திருக்கின்றன. எஃகுக் குழாய்க்குள் அடைத்து ரப்பரால் மூடிய பிறகு, உள்ளே இருப்பது எது என்று கண்ணால் சொல்ல வழியில்லை. ஆகவே வாங்கிய அன்றே ஐஸ் சோதனை செய்துவிடுவது நல்லது. ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையப் பொடித்த ஐஸைப் போட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றி, நன்றாகக் கலக்கிவிட்டு, மூன்று உணரிகளையும் ஒரே கட்டாக நடுவில் இறக்கினேன். ஐஸும் நீரும் சேர்ந்திருக்கும் வரை அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும். பத்து நிமிடம் கழித்து முதல் உணரி 0.06 என்றும், இரண்டாவது 0.19 என்றும் காட்டின. மூன்றாவது, எத்தனை முறை கலக்கினாலும், 0.94 என்றே நின்றது. முதலிரண்டையும் ஃபிரிட்ஜுக்கு ஒதுக்கினேன். மூன்றாவதை அறை வெப்பத்தை அளக்க வெளியே தொங்கவிட்டேன். அங்கே ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

இணைப்பு எளிது. சிவப்பு ஒயர் 5 வோல்ட்டுக்கு, கருப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் தரவுக்கு; மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பல கடைகளில் இதை உணரியோடு தருவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டே ஒயரில் இயக்கும் முறையும் உண்டு. ஆனால் ஒரு ஒயரை மிச்சப்படுத்தி அடையப்போவது எதுவுமில்லை என்பதால் மூன்று ஒயராகவே வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரப் பதிவில் அக்காவை அலற வைத்த ஒரு வரி இருந்தது: ஃபிரிட்ஜுக்குள் 85.00 டிகிரி. இது உணரியின் கோளாறு அன்று. மின்சாரம் கிடைத்தவுடன், முதல் அளவீட்டை முடிக்கும் முன், அதன் நினைவில் இருக்கும் தொடக்க எண் 85. முழு நுணுக்கத்தில் அளந்து முடிக்க அதற்கு 750 மில்லிநொடி வரை தேவை. அதற்குள் நிரல் அவசரப்பட்டுக் கேட்டால், அது கையிலிருக்கும் பழைய எண்ணைக் கொடுத்துவிடும். அதுபோல, ஒயர் தளர்ந்து உணரி பதில் தராவிட்டால், அதைப் படிக்க நான் சேர்த்திருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) மைனஸ் 127 என்று எழுதும். இந்த இரண்டு எண்களும் வந்தால் மீண்டும் ஒருமுறை அளக்கவும், அப்போதும் வந்தால் அந்த இடத்தில் "பிழை" என்று எழுதவும் நிரலை மாற்றினேன். சிலர் இத்தகைய வரிகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டிருந்தால், என்ன நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

டிஎஸ்3231 கடிகாரத்தை மனமாரப் பாராட்டலாம். பழைய டிஎஸ்1307 மாட்யூலும் அதே கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. ஆனால் நேரத் துடிப்பைத் தரும் அதன் படிகம் வெளியே தனியாக இருப்பதால், வெப்பம் மாற மாற நேரமும் நழுவும். டிஎஸ்3231 தன் வெப்பத்தைத் தானே அளந்து அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்குதான், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஐந்து மாதத்துக்குப் பின் என் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டபோது எட்டு நொடிதான் வேறுபாடு இருந்தது.

ஆனால் சில்லின் நல்ல பெயரை மாட்யூலின் பலகை கெடுக்கிறது. பரவலாக விற்கும் அந்தப் பலகையில் பட்டன் செல்லுக்கு மின்னேற்றம் செய்ய ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் வைத்திருக்கிறார்கள். எல்ஐஆர் 2032 என்ற மின்னேற்றம் செய்யத்தக்க செல்லுக்காகச் செய்த ஏற்பாடு அது. கடையில் அதோடு கொடுப்பதும், நாம் பிறகு மாற்றி வாங்கிப் போடுவதும் பெரும்பாலும் சாதாரண சிஆர் 2032 செல். அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தக் கூடாது, செலுத்தினால் செல் உப்பிக் கசியக்கூடும். பலகையில் 201 என்று பொறித்திருக்கும் அந்த ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்ன் முனையால் இருபுறமும் சூடாக்கித் தள்ளிவிட்டால் போதும். இது விற்பவர்களுக்கும் தெரிந்த செய்திதான். வாங்குபவரிடம் சொல்வாரைத்தான் காணோம்.

கடிகாரத்தோடு நானே வரவழைத்துக்கொண்ட ஒரு தொல்லையும் உண்டு. கடிகாரத்துக்கு நேரம் வைப்பதற்கு, நிரலை ஏற்றும்போது கணினியில் இருந்த நேரத்தையே அதில் எழுதும் ஒரு வரியைச் சேர்ப்பது வழக்கம். அந்த வரியை ஒருமுறை இயக்கியபின் நீக்கிவிட வேண்டும். நான் நீக்கவில்லை. விளைவாக, நானோவுக்கு மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் கடிகாரம் நான் நிரல் எழுதிய ஞாயிற்றுக்கிழமை மாலை 6.42 மணிக்கே திரும்பிப் போனது. அக்காவின் கணினியில் பதிவைத் திறந்தபோது, ஒரே வாரத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

கார்டு மாட்யூல் 60 ரூபாய்க்குத் தன் வேலையைச் செய்கிறது. கார்டு 3.3 வோல்ட்டில் இயங்குவது, நானோ 5 வோல்ட் தருவது. ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சில்லும் சமிக்ஞைகளைச் சரிசெய்யும் சில்லும் உள்ள மாட்யூலைப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் சாக்கெட்டை மட்டும் ஒட்டிய பலகைகளும் அதே பெட்டியில் கலந்து கிடக்கும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மிகாமலும், கார்டு ஃபேட்32 முறையில் வடிவமைத்ததாகவும் (ஃபார்மேட் செய்ததாகவும்) இருக்கட்டும். ஒவ்வொரு வரியை எழுதியதும் கோப்பை மூடிவிடுமாறு நிரலில் வைத்தேன். திடீரென மின்சாரம் போனாலும் கடைசி வரியைத் தவிர வேறெதுவும் பெரும்பாலும் பாழாகாது. ஒரு வரி ஏறத்தாழ 30 பைட். நாளொன்றுக்கு 288 வரி. ஆண்டு முழுவதும் எழுதினாலும் 3 எம்பியைச் சற்றே தாண்டும். 8 ஜிபிக்குக் குறைவான கார்டு கடையில் இல்லை என்பதால்தான் அதை வாங்கினேன்.

நினைவகம் குறைவு என்று சொன்னேனே, அது இங்கேதான் வெளிப்பட்டது. அழகுக்காக ஒரு சிறிய ஓஎல்இடி திரையையும் இணைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். திரை தனியாக வேலை செய்தது. கார்டும் தனியாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்தால் கார்டு இல்லை என்று நிரல் அடம்பிடித்தது. இரண்டு இரவுகள் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 128க்கு 64 புள்ளி கொண்ட அந்தத் திரையின் படத்துக்கு அதன் நிரல் தொகுப்பு 1,024 பைட் எடுத்துக்கொள்கிறது. கார்டின் நிரல் தொகுப்பு 512 பைட் எடுத்துக்கொள்கிறது. மொத்தமே 2,048 பைட் உள்ள இடத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 512. ஒயரில் ஒரு குற்றமும் இல்லை. திரையைக் கழற்றிவிட்டு, பதிவு நடந்ததும் ஒருமுறை மினுக்கும் ஒரு பச்சை எல்இடியோடு நிறுத்திக்கொண்டேன். திரை வேண்டும் என்பவர்கள் இஎஸ்பி32 பலகைக்குப் போவதே நல்லது. அதில் நினைவகம் தாராளம், வைஃபை வழியாக நேரத்தையும் பெறலாம். அக்கா கடையில் வைஃபை இல்லை.

இனி மின்சாரம். மின்வெட்டின்போது இயங்காத கருவியால் இந்தக் கடையில் பயனில்லை. முதலில் கைவசமிருந்த பவர் பேங்க் ஒன்றில் இணைத்தேன். இந்தக் கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதி அது அரை நிமிடத்தில் தன்னை அணைத்துக்கொண்டது. கைபேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்று செய்த பவர் பேங்குகள் பலவற்றின் இயல்பு அது. பிறகு வைஃபை ரவுட்டர்களுக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை 1,100 ரூபாய்க்கு வாங்கி, வெளி மின்சாரம் கொடுப்பதற்கான நானோவின் விஐஎன் முனையில் இணைத்தேன். ஏனைய பாகங்கள் அனைத்துக்கும் கொடுத்த அளவுக்கு ஏறத்தாழ இது ஒன்றே விழுங்கியது என்றாலும், அதன்பின் ஒரு வரியும் விடுபடவில்லை.

உணரியை வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு செய்தி. முதலில் இரண்டையும் தட்டில் சும்மா வைத்திருந்தேன். வாடிக்கையாளருக்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் வரைபடம் 9, 10 என்று எகிறியது. அது காற்றின் வெப்பம். மருந்தின் வெப்பம் அன்று. அக்கா கடையிலேயே கிளிசரின் வாங்கி, காலியான 30 மில்லி மருந்துப் புட்டிகள் இரண்டில் நிரப்பி, மூடியில் துளையிட்டு உணரிகளை உள்ளே இறக்கி, ஒன்றை நடுத்தட்டிலும் மற்றதை மேல்தட்டின் பின்புறச் சுவரோரமும் வைத்தேன். தடுப்பூசிக் கிடங்குகளிலும் இத்தகைய முறையைப் பயன்படுத்துவதுண்டு. அதன்பின் கதவு திறந்து மூடுவது வரைபடத்தில் ஒரு சிற்றலையாகக்கூடத் தெரியவில்லை. ஒயர் நுழையும் இடத்தில் கதவின் ரப்பர் தூக்கிக்கொள்ளாதபடி, கீல் இருக்கும் பக்கமாகத் தட்டையான ஒயரைக் கொண்டுசெல்ல வேண்டும்.

அக்காவின் கேள்விக்கு ஆகஸ்ட் மாதப் பராமரிப்பு நாளில் விடை கிடைத்தது. காலை 9 மணிக்கு நடுத்தட்டில் 4.81. முற்பகல் 11.50க்கு 8 டிகிரியைக் கடந்தது. மின்சாரம் வந்த பிறகும் இருபத்தைந்து நிமிடம் ஏறி, 2.25க்கு 11.94ஐத் தொட்டு, மாலை 4.40க்குத்தான் மீண்டும் 8க்குக் கீழ் வந்தது. ஆக, ஐந்து மணி நேர மின்வெட்டு மருந்துக்கு ஏறத்தாழ அதே அளவு நேரம் கூடுதல் வெப்பத்தைக் கொடுத்திருக்கிறது. மறுமாதத்திலிருந்து, பராமரிப்பு நாள் காலையில் அக்கா மருந்துகளை ஐஸ் ஜெல் பைகள் உள்ள பெட்டிக்கு, இடையில் அட்டை வைத்து, மாற்றிவிடுகிறார்.

யாரும் கேட்காத கேள்விக்கான விடை டிசம்பரில் வந்தது. மேல்தட்டுப் புட்டியின் பதிவில், கடை மூடிய இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை 0.81, 0.56 என்று எண்கள் நின்றன. ஒரு நாள் விடியற்காலை மைனஸ் 0.44. கோடையில் 6க்குத் திருப்பி வைத்த தெர்மோஸ்டாட் குமிழை (அதில் எண் கூடினால் குளிரும் கூடும்) யாரும் பிறகு தொடவே இல்லை. வெளியே குளிர்ந்து, கதவும் திறக்கப்படாத இரவுகளில், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் பின்சுவரோரம் உறைநிலைக்குப் போயிருக்கிறது. சற்றே சூடேறுவதை இன்சுலின் ஓரளவு தாங்கும். உறைந்து இளகிய இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. நல்லவேளையாக அந்த இடத்தில் கண் சொட்டு மருந்துகள்தான் இருந்தன. அக்கா அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, குமிழை 4க்குத் திருப்பினார். காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பவர் எவருக்கும் இது தெரிந்திருக்காது. அந்நேரம் அது 3 டிகிரிக்கு மேல் வந்திருக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கிடையாது. ஆய்வுக்கு வருபவரிடம் காட்டும் பதிவேடாக இதை வைக்க முடியாது. அதற்கு, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சான்றோடு வரும் கருவியைத்தான் வாங்க வேண்டும். ஐஸ் சோதனை 0 டிகிரியில் மட்டும்தான் உணரியைச் சரிபார்க்கிறது. 8 டிகிரியில் அது எப்படி என்று அதிலிருந்து முழுமையாகச் சொல்லிவிட முடியாது. கார்டைக் கழற்றி எடுத்துக் கணினியில் போட்டால்தான் பதிவைப் பார்க்க முடியும் என்பதால், ஃபிரிட்ஜ் இப்போது கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இது எச்சரிக்காது. ஒயர்களைச் செருகி மட்டும் வைக்கும் சோதனைப் பலகையான பிரெட்போர்டில் அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஃபிரிட்ஜின் அதிர்வில் மூன்றாம் வாரமே ஒரு ஒயர் கழன்று, முழு இரவும் "பிழை" என்று எழுதியிருந்தது. துளைகள் உள்ள பொதுப்பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகே அது அடங்கியது.

சால்டரிங் பழக்கம் உள்ளவருக்கும், இரண்டு மூன்று வார இறுதிகளை ஒதுக்கக்கூடியவருக்கும் இந்தப் பாகங்களைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இன்றைக்கே வேண்டும், நாளைக்கே வேலை செய்ய வேண்டும் என்பவர் ஆயத்தக் கருவி வாங்குவதே சரி. அக்கா தம் இரண்டாவது ஃபிரிட்ஜுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். இந்த முறை ஐந்து உணரிகள் வாங்கி, ஐஸ் டம்ளரில் தேறும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வேன். 8க்கு மேலோ 2க்குக் கீழோ அரை மணி நேரம் நின்றால் ஒலிக்கும் 10 ரூபாய் பஸ்ஸர் ஒன்றும் அதில் இருக்கும்.